பிளாட்டியும் ஸ்வார்ட்டெயிலும் சேர்ந்தால் குஞ்சுகளுக்கு கேன்சர் வருவது ஏன்? மீன் தொட்டி சொல்லும் மரபணுக் கணக்கு

திருப்பதியிலோ சித்தூரிலோ ஒரு வண்ண மீன் கடைக்குள் போய்ப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது குட்டி போடும் மீன்களாகத்தான் இருக்கும்: கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில். இதில் கடைசி இரண்டும் கிட்டத்தட்ட 100 வருடங்களாக புற்றுநோய் ஆய்வகங்களிலும் வாழ்ந்துவருகின்றன. அதுவும் தனித்தனியாக அல்ல, ஜோடி சேர்த்து.

வீட்டில் ஒருவருக்கு கேன்சர் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் வரும் முதல் பயம், 'அத்தைக்கு வந்தது எனக்கும் வருமா?' என்பதுதான். திருப்பதியில் 2022-ல் திறக்கப்பட்ட டாடா புற்றுநோய் மருத்துவமனையாக இருந்தாலும், சித்தூர்க்காரர்கள் காலங்காலமாக பஸ் ஏறிப் போகும் வேலூர் சிஎம்சியாக இருந்தாலும், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்காமல் விடமாட்டார். கேன்சரில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதற்கு முதலில் கிடைத்த தெளிவான ஆதாரங்களில் ஒன்று, இந்த மீன்களிடமிருந்து வந்தது.

அப்படி என்ன நடந்தது?

1920-களின் கடைசி. டிஎன்ஏவின் வடிவம் தெரிய இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. அமெரிக்காவில் மைரன் கார்டன், ஜெர்மனியில் கர்ட் கோஸ்விக், கியார்க் ஹாய்ஸ்லர் ஆகியோர் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாமல் ஒரே விஷயத்தைக் கவனித்தார்கள். பிளாட்டி மீனின் முதுகுத் துடுப்பில் சின்னச் சின்ன கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அதனால் அந்த மீனுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஸ்வார்ட்டெயிலுக்கு அந்தப் புள்ளியே கிடையாது.

இரண்டையும் இணைத்தால் பிறக்கும் குஞ்சுகளில் கறுப்பு கொஞ்சம் அதிகமாகப் படர்கிறது. அந்தக் கலப்பினக் குஞ்சை மறுபடியும் ஒரு ஸ்வார்ட்டெயிலோடு இணைத்தால்தான் விவகாரம். பிறப்பதில் பாதிக்குப் புள்ளியே இல்லை. கால்பங்குக்கு கறுப்பு லேசாகப் படர்கிறது. மீதி கால்பங்குக்கு மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய். துடுப்பைத் தின்று உடலுக்குள் இறங்கி மீனையே கொன்றுவிடும்.

பாதி, கால், கால். பிளஸ் டூ உயிரியலில் மெண்டல் பட்டாணிக் கணக்கு போட்டவர்களுக்கு இந்த விகிதம் உடனே பிடிபடும். இங்கே ஒரு மரபணு அல்ல, இரண்டு வேலை செய்கின்றன.

ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும்

பிளாட்டியிடம் கட்டியைத் தூண்டும் மரபணு ஒன்று இருக்கிறது, ஆக்ஸிலரேட்டர் மாதிரி. அதை அடக்கிவைக்கும் இன்னொரு மரபணுவும், அதாவது பிரேக்கும், அதே மீனிடம் வேறொரு குரோமோசோமில் இருக்கிறது. ரெண்டும் கூடவே இருப்பதால் வெறும் புள்ளியோடு கதை முடிகிறது. ஸ்வார்ட்டெயிலிடம் இந்த ஆக்ஸிலரேட்டரும் இல்லை, அதற்கான பிரேக்கும் இல்லை.

முதல் தலைமுறைக் கலப்பினத்துக்கு இரண்டிலும் ஒவ்வொரு பிரதி. அடுத்த தலைமுறையில் சீட்டுக் குலுக்கல்தான்: ஆக்ஸிலரேட்டர் கிடைக்க 50 சதவீத வாய்ப்பு, பிரேக் கிடைக்காமல் போக 50 சதவீதம். பாதியில் பாதி, 25 சதவீதம். அந்தக் கால்பங்கு மீன்களுக்குத்தான் கேன்சர்.

கோஸ்விக் 1937-ல் நாஜி ஜெர்மனியை விட்டு இஸ்தான்புல் போய், அங்கே பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்தார். கார்டன் மெக்சிகோ ஆறுகளில் மீன் தேடி அலைந்தார். 1939-ல் ஹமாபா ஆற்றில் பிடித்த பிளாட்டிகளின் வாரிசுகள் 100 தலைமுறைக்கு மேல் தாண்டி, டெக்சாஸ் மாகாணப் பல்கலைக்கழகத்தின் மீன் வங்கியில் இன்றும் இருக்கின்றன. அந்த வம்சத்து மீனின் முழு மரபணு வரிசை 2013-ல் வெளியானது.

ஆக்ஸிலரேட்டரின் பெயர் என்ன?

1989-ல் மான்ஃப்ரெட் ஷார்ட்டல் குழுவினர் அதைப் பிடித்தார்கள். எக்ஸ்எம்ஆர்கே என்று பெயர் வைத்தார்கள். அது ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் நகல். மீன் பரிணாமத்தில் எப்போதோ ஒரு பிரதி கூடுதலாக உருவாகி, கொஞ்சம் மாறி, எப்போதும் 'ஆன்' நிலையிலேயே நிற்கும்படி ஆகிவிட்டது. பிரேக் இருக்கும்வரை அது அதிக அளவில் உற்பத்தியாவதில்லை.

ஈஜிஎஃப்ஆர் என்ற பெயரை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கலாம். நுரையீரல் புற்றுநோய் நோயாளிகளின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்' என்று வருமே, அதே குடும்பம். அப்படி வந்தால் ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரைகளை டாக்டர்கள் பரிசீலிப்பார்கள். மாத்திரைகள் மீனிலிருந்து நேரடியாக வந்தவை அல்ல. ஆனால் செல்லுக்கு 'வளரு, வளரு' என்று சொல்லும் சுவிட்ச் அணையாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஓர் உயிருள்ள உடலில் காட்டியது இந்த மீன்.

லேபில் மட்டும்தானா?

அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 2020-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, மெக்சிகோ ஆறுகளில் தானாகவே கலந்த வேறு இரண்டு ஸ்வார்ட்டெயில் இனங்களின் வாரிசுகளிலும் மெலனோமா வருவதைக் காட்டியது. அங்கேயும் ஆக்ஸிலரேட்டர் எக்ஸ்எம்ஆர்கேதான். அதோடு சேராமல் முரண்டு பிடித்தது சிடி97 என்ற மரபணு.

'கலப்பு' என்றாலே ஆபத்தா?

இதைத் தப்பாகப் புரிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிற்போம். பிளாட்டியும் ஸ்வார்ட்டெயிலும் இரண்டு வெவ்வேறு இனங்கள். தனித்தனியாகப் பரிணமித்ததால் ஒன்றின் பிரேக் மற்றதிடம் இல்லை. மனிதர்கள் எல்லோரும் ஒரே இனம். சாதி மாறி, மொழி மாறி, நாடு மாறி கல்யாணம் செய்வதற்கும் இந்த மீன் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. யாராவது வாட்ஸ்அப்பில் அப்படி ஒன்றை அனுப்பினால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். பார்க்கப்போனால் நம்ம பக்கம் கவலைப்பட வேண்டியது நெருங்கிய சொந்தத்தில் செய்யும் திருமணம்தான். பெற்றோர் இருவரிடமும் ஒரே குறைபாடுள்ள பிரதி இருக்கும் வாய்ப்பு அங்கேதான் கூடுகிறது.

'ஹைபிரிட் மீன் சாப்பிட்டா கேன்சர் வருமா?' என்றும் கேட்பார்கள். வராது. மீனின் மரபணு குழம்பு வழியாக உங்கள் செல்லுக்குள் போய் உட்காராது, வயிற்றில் ஜீரணமாகிவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு இந்தியாவில் தடை இருப்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நம் ஊர் மீன்களைத் தின்று தீர்ப்பது அந்தத் தடைக்கு முக்கியக் காரணம்.

இந்தியாவில் எந்த மீன்?

நம் ஆய்வகங்களில் அதிகம் நீந்துவது வரிக்குதிரை மீன், அதாவது ஜீப்ராஃபிஷ். அது இந்தத் துணைக்கண்டத்தின் சொந்த மீன். 1822-ல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கைச் சமவெளி மீன்களைப் பட்டியலிட்டபோது பெயர் பெற்றது. டெல்லியின் ஐஜிஐபி 2009-ல் காட்டு ஜீப்ராஃபிஷின் மரபணு வரிசையை அறிவித்தது. ஹைதராபாத் சிசிஎம்பியிலும் இந்த மீனை வைத்து ஆய்வுகள் நடக்கின்றன. 2005-ல் பாஸ்டனில் மனித மெலனோமாவில் காணப்படும் பிராஃப் மரபணுவின் மாறிய வடிவத்தை இதற்குள் வைத்துப் பார்த்தார்கள். மச்சம் மட்டும்தான் வந்தது. பி53 என்ற பிரேக்கும் பழுதான மீன்களில்தான் அது புற்றுநோயாக மாறியது.

டாக்டர் குடும்ப வரலாறு கேட்பதும் அந்தப் பிரேக்கைத் தேடித்தான். பிஆர்சிஏ1 போன்ற மரபணுவின் பழுதான பிரதி வீட்டில் ஓடுகிறதா என்று பார்க்கிறார். புற்றுநோய்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம்தான் இப்படி நேரடியாகப் பரம்பரையில் வருபவை. அத்தைக்கு எந்த வயதில், எந்த உறுப்பில் வந்தது, அதே பக்கத்துச் சொந்தத்தில் இன்னும் யாருக்கு வந்தது என்பதை எழுதி எடுத்துக்கொண்டு போனால், மரபணுப் பரிசோதனை உங்களுக்குத் தேவையா இல்லையா என்று டாக்டரால் சொல்ல முடியும்.