புகைமூட்டமும் லோரியின் மூச்சும்



குளிர்நாடுகளில் கனரக வாகனங்களைப் பராமரிப்போர் ஆண்டுதோறும் எதிர்பார்த்து அஞ்சும் பருவம் ஒன்றுண்டு. வசந்தகாலத்தில் மரங்களும் புற்களும் காற்றில் கலந்துவிடும் மகரந்தம், லோரிகளின் காற்று வடிகட்டியில் படிந்து அடைத்துக்கொள்ளும். நம் நாட்டில் வசந்தமும் இல்லை. அத்தகைய மகரந்தப் பருவமும் இல்லை. சொல்லப்போனால், இங்கே மகரந்தம் பற்றாக்குறைப் பொருளாக இருந்த காலமும் உண்டு. 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டு கொண்டுவரப்படும் வரையில், செம்பனைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் பாளை பாளையாகத் தேடிச் சென்று கையாலேயே மகரந்தம் தூவினர். அக்கதை தனியே எழுதத் தக்கது. இன்றைய பொருள் அதுவன்று.

பண்டமாரானில் லோரியின் மூச்சை அடைப்பவை இரண்டு. ஒன்று, துறைமுகச் சாலைகளின் புழுதி. மற்றொன்று, புகைமூட்டம். இரண்டும் பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில் சேர்ந்தே வருகின்றன. அதனால் நம் மக்கள் இரண்டையும் ஒன்றாகவே கருதி, "தூசிக் காலம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். அவை ஒன்றல்ல.

முதலில் ஊரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901 செப்டம்பர் 15-இல் திறக்கப்பட்டது. அக்காலத்தில் கோலாலம்பூருக்கும் துறைமுகத்துக்கும் இடையே சரக்கைச் சுமந்தது இரயில்தான். பண்டமாரான், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின்போது பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் உருவான புதுக்கிராமங்களுள் ஒன்று. பின்னாளில் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழர் பலர் இப்பக்கம் குடியேறினர். துறைமுகம் 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. 1973-இல் கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. மூட்டை சுமந்த தோள்களின் இடத்தைக் கொள்கலன் லோரிகள் பிடித்துக்கொண்டன. 2019-இல் இத்துறைமுகம் கையாண்ட கொள்கலன்கள், இருபதடி அளவில் கணக்கிட்டால், ஏறத்தாழ 1 கோடியே 36 இலட்சம். வகுப்புப் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில் "லோரி ஓட்டுநர்" என்று நான் எழுதாத ஆண்டே இல்லை.

இனி லோரியின் மூச்சுக்கு வருவோம். இதை நான் மாணவர்களுக்குக் கணக்காகவே கொடுப்பதுண்டு. பதினொரு லிட்டர் கொள்ளளவுள்ள டீசல் இயந்திரம் நிமிடத்துக்கு 1800 முறை சுழல்கிறது. இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதற்கும் காற்றை இழுக்கிறது. அப்படியானால் நிமிடத்துக்கு எவ்வளவு? 900-ஐ 11-ஆல் பெருக்கினால் 9,900 லிட்டர். டர்போ பொருத்திய இயந்திரமாயின் அதைவிட அதிகம். அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதன் நிமிடத்தில் உள்ளிழுப்பதோ ஆறு முதல் எட்டு லிட்டர். விடை கண்டதும் வகுப்பே வாய் பிளக்கும்.

இவ்வளவு காற்றோடு மணலும் உள்ளே போனால் என்னவாகும் என்பதை உலகம் முதலில் கற்றது வயல்வெளிகளில்தான். அமெரிக்காவில் உழவு இயந்திரங்கள் புழுதியால் தேய்ந்து போவதைக் கண்ட பிராங்க் டொனால்ட்சன் என்பவர் 1915-இல் காற்று வடிகட்டி ஒன்றை உருவாக்கி, அதற்கெனவே நிறுவனமும் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரின்போது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பீரங்கி வண்டிகளும் விமானங்களும் அதே பாடத்தைப் பெரும் பொருட்செலவில் மீண்டும் கற்றன.

நம் நாட்டுக்கு வந்த பெட்போர்ட் போன்ற பழைய பிரித்தானிய லோரிகளின் காலம் எண்ணெய்த் தொட்டி வடிகட்டியின் காலமாகும். அதன் அமைப்பு மிக எளிது. காற்று நடுக்குழாய் வழியே கீழிறங்கி, தொட்டியிலுள்ள எண்ணெயின்மீது மோதித் திரும்பும். கனமான துகள்கள் எண்ணெயில் சிக்கும். தப்பியவை மேலேயுள்ள எண்ணெய் படிந்த கம்பி வலையில் ஒட்டிக்கொள்ளும். தொட்டியைக் கழற்றி, அடியில் தங்கிய சேற்றைக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, கோடு வரையில் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேலே போனால் இயந்திரம் எண்ணெயையே உறிஞ்சிவிடும். கீழே போனால் புழுதி புகும். காசு செலவில்லை, கைவேலைதான். ஆனால் அதற்கொரு குறை உண்டு. காற்று வேகமாக மோதினால்தான் அது செவ்வனே வடிகட்டும். துறைமுக வாயிலில் மணிக்கணக்காக இயந்திரத்தை ஓடவிட்டு நிற்கும் லோரியில் காற்றோட்டம் குறைவு. ஆதலின் வடிகட்டும் திறனும் குறைவு. காத்திருப்பே தொழிலாகிப்போன ஊருக்கு அது பொருந்தாத கருவி என்பேன்.

அதன்பின் வந்தது மடிப்புத் தாள் வடிகட்டி. பட்டறைகளில் "ஏர் பில்டர்" என்றால் இன்று இதுதான். பிசின் ஏற்றிய தாளை விசிறிபோல் மடித்து உருளையாக்கியிருப்பார்கள். பெரிய லோரிகளில் வெளியுருளை ஒன்றும், அதனுள்ளே காவலுக்கு மற்றோர் உருளையும் இருக்கும். புழுதியில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் இது தடுத்துவிடும். இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு: புத்தம்புதிய தாளைவிட, சிறிது தூசி படிந்த தாளே நன்றாக வடிகட்டுகிறது. படிந்த தூசியே மற்றொரு சல்லடையாகிவிடுகிறது. ஆகவே கண்ணுக்கு அழுக்காகத் தெரிகிறதென்று அடிக்கடி கழற்றுவது தவறு. கழற்றும் ஒவ்வொரு முறையும் தூசி உட்புக வாய்ப்புண்டு. காற்றுத்தடையைக் காட்டும் சிறு கருவி குழாயருகே இருக்கும். அது சிவப்பைக் காட்டும்போது மாற்றினால் போதும். உள்ளுருளையை ஒருபோதும் துடைத்துப் பயன்படுத்தலாகாது, மாற்றத்தான் வேண்டும். அடியிலுள்ள இரப்பர் வாயை அவ்வப்போது அழுத்திவிட்டால் சேர்ந்த புழுதி தானே கொட்டிவிடும்.

இந்த ஒழுங்கையெல்லாம் குலைப்பது புகைமூட்டம்.

1997-இல் சுமாத்திராவிலும் கலிமந்தானிலும் எரிந்த காடுகளின் புகை இத்தீபகற்பத்தையும் சரவாக்கையும் மூடியது. செப்டம்பர் 19-இல் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டியது. அதற்குப் பின் சில ஆண்டுகள் அக்குறியீட்டு எண்கள் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. 2005 ஆகஸ்டில்தான் மீண்டும் வெளியிட்டனர். உடனடியாக, ஆகஸ்டு 11-இல், நம் கிள்ளான் துறைமுகப் பகுதியிலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500-ஐக் கடந்து அவசரநிலை வந்தது. இரு நாள்களில் அது நீக்கப்பட்டது. எல்லாப் பழியையும் கடலுக்கு அப்பால் போட்டுவிடவும் இயலாது. கிள்ளானுக்குத் தெற்கே ஜொகான் செத்தியாவில் வடிகால் வெட்டி உலர்த்தப்பட்ட கரிச்சதுப்பு நிலம் வறட்சி தோறும் தீப்பற்றுகிறது. அத்தீ மண்ணுக்கடியிலேயே புகைந்துகொண்டிருக்கும். மேலே நீர் தெளித்தால் அணையாது.

இப்புகையின் துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரோனுக்கும் சிறியவை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரோன். இயந்திரத்தின் உருளையையும் வளையங்களையும் அரைத்துத் தேய்ப்பவை 5 முதல் 20 மைக்ரோன் வரையிலான கடினமான மணல் துகள்கள். புகைத்துகள் மென்மையானது, இயந்திரத்தை அது அரைப்பதில்லை. தாளைத்தான் அடைக்கிறது. மனித உடலிலோ இது தலைகீழ். பெருந்துகளை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும்; 2.5 மைக்ரோனுக்குட்பட்டதே நுரையீரலின் கடைசி அறை வரை செல்கிறது. லோரிக்குப் பகையான துகள் வேறு. அதை ஓட்டுபவருக்குப் பகையான துகள் வேறு.

2005-இல் குறியீட்டுக்காக அளந்தது 10 மைக்ரோன் வரையிலான துகளையே. 2.5 மைக்ரோன் துகள் நம் நாட்டுக் குறியீட்டில் இடம்பெற்றது 2018-இல்தான். அந்த 13 ஆண்டுகளும் நாம் பார்த்துக்கொண்டிருந்த எண், நுரையீரலுக்கு மிகவும் கேடானதைத் தனியே பிரித்துக் காட்டவில்லை.

பட்டறையில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். புகையின் கரி பிசுபிசுப்பானது; தட்டினாலும் உதிராது. புது வடிகட்டிக்குச் செலவழிக்க மனமில்லாத இடங்களில், சக்கரத்துக்குக் காற்றடிக்கும் குழாயை எடுத்து அதே அழுத்தத்தில் தாளின்மீது பீய்ச்சுவார்கள். தாள் நுண்ணிய கிழிசல் காணும். உள்ளே ஒரு விளக்கை வைத்துப் பார்த்தால் ஒளி ஊசிமுனைபோல் வெளியே தெரியும். அந்த வழியே அடுத்த நாள் மணல் போகும். அதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. தாளிலிருந்து கிளம்பிய தூசி எங்கே போகிறது? குழாயைப் பிடித்திருக்கும் பையனின் முகத்துக்கு. அவர்களுள் சிலர் என்னிடம் படித்தவர்கள். முகத்தில் ஒரு கைத்துணி கட்டியிருப்பார்கள்; அத்துணி நுண்துகளைப் பெரிதாகத் தடுப்பதில்லை. நுண்துகளில் நூற்றுக்கு 95 பங்கைத் தடுக்கும் என்95 முகக்கவசம் மருந்தகத்தில் கிடைக்கிறது. அதன் விலை, அவன் கையில் வைத்திருக்கும் வடிகட்டியின் விலையில் மிகச் சிறு பகுதி.

2019 செப்டம்பரில் குறியீடு 200-ஐத் தாண்டியபோது கிள்ளான் மாவட்டப் பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகள் சன்னலை அடைத்துக்கொண்டு வீட்டிலிருந்தனர். துறைமுகத்துக்குச் செல்லும் லோரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. புதிய லோரிகளில் ஓட்டுநர் அறைக் குளிரூட்டிக்கும் தனியே ஒரு சிறு வடிகட்டி உண்டு. இருக்கைக்கு முன்புறம், கையெட்டும் இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். கழற்றி மாற்ற ஐந்து நிமிடம் போதும். பழைய லோரிகள் பலவற்றில் குளிரூட்டியே இல்லை. அவற்றை ஓட்டுவோர் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் வரிசையில் நிற்கின்றனர்.