சமனொளி சிவனொளியான கதை

ஹற்றனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் வீதி, மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரிகர்களால் நிறைந்திருக்கும். அவர்கள் நாடிச் செல்வது 7,359 அடி உயரமான ஒரே சிகரத்தை. ஆனால், அதற்கு அவர்கள் வழங்கும் பெயர்கள் பல. சிங்கள மக்களுக்கு அது சமனல கந்த, ஸ்ரீபாத. முஸ்லிம்களுக்குப் பாவாத மலை. ஆங்கிலேயருக்கு ஆதாமின் சிகரம். தமிழருக்குச் சிவனொளிபாத மலை.

இந்தக் கடைசிப் பெயரில் வரும் 'ஒளி' எங்கிருந்து வந்தது? சிவபெருமானின் ஒளி என்று பொருள் கூறுவோர் உளர். ஆயின் மணிமேகலையில் இம்மலையின் பெயர் 'சமனொளி'. தரும சாரணர் வலம்வந்து மீளும் மலையாக அது அங்கே குறிக்கப்படுகிறது. பழஞ்சிங்களத்தில் 'சமனொள' என்ற வழக்கு உண்டு. சமன் அம்மலையின் காவல் தெய்வம். ஆகவே 'சமனொள' தமிழில் 'சமனொளி' ஆகி, மூலப்பொருள் மறந்த பின் 'சிவனொளி' ஆகியிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். சிங்களத்திலும் இத்தகைய மாற்றம் நிகழாமல் இல்லை. 'சமனல' என்றால் வண்ணத்துப்பூச்சி. அவை இம்மலையை நாடிச் சென்று மடிகின்றன என்ற கதை அச்சொல்லை ஒட்டி வழங்குகிறது.

பெயரைப் போலவே உரிமையும் கைமாறியது. முதலாம் விஜயபாகு (1055–1110) யாத்திரிகர்களுக்கு உணவளிக்கக் கிராமங்களை மானியமாக வழங்கியதை அம்பகமுவக் கல்வெட்டு கூறுகிறது. சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் (1581–1593) மலையின் வருமானத்தைச் சைவத் துறவிகளிடம் ஒப்படைத்தான். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) அதனைப் பௌத்த பிக்குகளிடம் மீளளித்தான்.

1344இல் இலங்கை வந்த இபுனு பதூதா, ஆதாமின் பாதத்தைக் காண விரும்பினார். ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குத் துணையாக, ஆண்டுதோறும் அங்கு செல்லும் யோகிகள் நால்வரையும் பிராமணர் மூவரையும் அனுப்பிவைத்தான். ஒரு முஸ்லிம் பயணிக்கு இந்து யோகிகள் வழிகாட்ட, எல்லோரும் ஒரே பாதச்சுவட்டை நோக்கி நடந்தனர்.

இம்மலை யாருக்குச் சொந்தம் என்று வாதிடுவோர் இரு தரப்பிலும் உளர். அவர்கள் ஒன்றை மறக்கலாகாது. சமனொளி என்ற பெயரைத் தமிழில் பதிந்து வைத்தது ஒரு பௌத்தக் காப்பியம். தமிழர் அதனைச் சிவனொளி என அழைப்பதால் பௌத்தருக்கு இழப்பில்லை. சமனொளியே மூலம் என ஏற்பதால் சைவருக்கும் குறைவில்லை. ஒரு பெயரை அழித்து மற்றொன்றை நிறுத்த முயல்வது, அம்மலையின் வரலாற்றையே அழிப்பதாகும்.