பக்கவாதத்திற்குப் பிந்திய மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சை

பக்கவாதத்திற்குப் பிந்திய மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சை என்பது, பக்கவாதத்திலிருந்து உயிர் பிழைத்தவருக்கு ஏற்படும் மனச்சோர்வை உரையாடல், நடத்தைப் பயிற்சி, குடும்பத்தினரின் பங்களிப்பு ஆகியவற்றின் மூலம் தணிக்கும் முறைகளைக் குறிக்கும். பக்கவாதம் கண்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இம்மனச்சோர்வு ஏற்படுகிறது.

காரணங்களும் அறிகுறிகளும்

மூளையில் ஏற்பட்ட சேதம், கை கால் செயலிழப்பு, வருமான இழப்பு, பிறரைச் சார்ந்திருக்கும் நிலை ஆகியன இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் துயரம், எதிலும் ஆர்வமின்மை, உறக்கக் குறைவு, பசியின்மை, "நான் அனைவருக்கும் பாரம்" என்னும் எண்ணம் ஆகியன முக்கிய அறிகுறிகளாகும். இயன்முறைப் பயிற்சி செய்ய மறுப்பதைக் குடும்பத்தினர் சோம்பல் அல்லது பிடிவாதம் எனத் தவறாகக் கருதுவதுண்டு. பயிற்சி தடைப்படுவதால் உடல் தேறுவதும் தாமதமாகிறது. காரணமின்றித் திடீரென அழுதல் அல்லது சிரித்தல் மூளைச் சேதத்தாலும் நிகழலாம். அது மட்டுமே மனச்சோர்வு ஆகாது.

முறைகள்

* நடத்தைத் தூண்டல்: நோயாளி விரும்பிய செயல்களைச் சிறு படிகளாகப் பிரித்து மீண்டும் தொடங்கச் செய்தல். எடுத்துக்காட்டாக, வேளாண்மை செய்துவந்த ஒருவர் முதலில் திண்ணை வரை வருதல், பின்னர் ஒரு கையால் நிலக்கடலை தரம் பிரித்தல், அதன்பின் துணையுடன் வாரச் சந்தைக்குச் செல்லுதல்.
* அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை: "இனி எதற்கும் பயனில்லை" என்பது போன்ற எண்ணங்களை நோயாளியே ஆராய்ந்து மாற்ற உதவுதல்.
* சிக்கல் தீர்த்தல்: அன்றாடச் சிக்கல்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகத் தீர்வு காணுதல்.

பேச்சிழப்பு உள்ளவர்களுக்குப் படங்களும் சைகைகளும் பயன்படுத்தப்படுகின்றன. பிரித்தானியாவில் இத்தகைய 105 பேரிடம் நடத்தப்பட்டு 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், நடத்தைச் சிகிச்சை மனநிலையை மேம்படுத்தியது.

பயனும் வரம்பும்

2020ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, உளவியல் சிகிச்சை மனச்சோர்வைக் குறைக்கக்கூடும் எனக் கூறினாலும், சான்றுகளின் உறுதி மிகக் குறைவு என்றும் குறிப்பிடுகிறது. தேவைப்படின் மருந்தும் சேர்த்து வழங்கப்படும். எனினும் 2018ஆம் ஆண்டு வெளியான, 3,127 பேர் பங்கேற்ற பிரித்தானிய ஆய்வில், புளூவொக்செட்டின் மருந்து மனச்சோர்வு தோன்றுவதைக் குறைத்தபோதும் உடற்செயற்பாட்டை மேம்படுத்தவில்லை. எலும்பு முறிவுகளும் அதிகரித்தன. ஆதலால் மருத்துவரின் ஆலோசனையின்றி மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

தமிழ்நாட்டில்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் போன்ற பகுதிகளில், நடக்க இயலாதவர் மனநலச் சிகிச்சைக்காக மாவட்டத் தலைநகருக்கு மீண்டும் மீண்டும் பயணம் செய்வது கடினம். பென்னாகரத்திலிருந்து தருமபுரி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டிலேயே வழங்கப்படுகிறது. அவ்வாறு வருபவரிடம் நோயாளியின் மனநிலை மாற்றத்தையும் குடும்பத்தினர் தெரிவிப்பது பயன் தரும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பெறலாம். தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் நோயாளியைத் தனியே விடாது உடனடியாக மருத்துவ உதவி பெறுதல் வேண்டும்.