ஜோடி சேர மறுக்கும் ஏஞ்சல் மீன்கள்... போடி தண்ணீரும் ஏலமலைக் குளிரும் காரணமா? சிக்லிட் வளர்ப்பு முழு விவரம்

ஆசை ஆசையாக இரண்டு ஏஞ்சல் மீன்களை வாங்கித் தொட்டியில் விட்டாச்சு. ஆறு மாதம் ஆகியும் முட்டையைக் காணோம். ஒன்று இன்னொன்றைத் துரத்தித் துரத்திக் கடிப்பதுதான் மிச்சம். வண்ணமீன் வளர்ப்பில் இறங்கும் பலரும் முதலில் சந்திக்கும் பிரச்சினை இது.

தவறு எங்கே? கடையில் 'ஒரு ஜோடி' என்றால் இரண்டு மீன் என்று மட்டும்தான் அர்த்தம். மீனுக்கு ஜோடி என்பது வேறு விஷயம். போடிநாயக்கனூர் போல அடிவாரத்தில் வெயிலும் மேலே ஏலத்தோட்டத்தில் குளிரும் உள்ள ஊர்களில் தண்ணீர், வெப்பநிலை என்று கூடுதல் சிக்கல்களும் உண்டு. விரிவாகப் பார்க்கலாம்.

சிக்லிட் என்றால் என்ன?

ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன் எல்லாமே சிக்லிட் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகம் முழுவதும் 1,700-க்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் தென், மத்திய அமெரிக்காவிலும் வாழ்பவை.

பெயர் புதிதாக இருந்தாலும் மீன் நமக்குப் பழக்கமானதுதான். அணைகளில் பிடித்து விற்கும் ஜிலேபி மீன், அதாவது திலேப்பியா, ஒரு சிக்லிட். போடிமெட்டு தாண்டிக் கேரளாவுக்குள் போனால் ஹோட்டல்களில் கிடைக்கும் கரிமீனும் சிக்லிட்தான். இந்தியாவில் இயற்கையாக வாழும் சிக்லிட்கள் மூன்றே மூன்று. அதில் கரிமீனும் ஒன்று. 2010-ல் கேரளா அதை மாநில மீனாக அறிவித்தது.

இந்தக் குடும்பத்தின் சிறப்பு, முட்டையையும் குஞ்சையும் காவல் காப்பது. பல மீன்கள் முட்டை போட்டதோடு கிளம்பிவிடும். சிக்லிட் அப்படி இல்லை. ஏஞ்சல் போன்ற இனங்களில் தாய், தந்தை இரண்டும் சேர்ந்தே பிள்ளை வளர்க்கும். அதனால்தான் துணையைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கெடுபிடி.

பிடித்த துணையைப் பிரித்தால் மீனுக்கும் சோகமா?

பிரான்ஸின் பர்கண்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கான்விக்ட் சிக்லிட் என்ற மீனை வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. பெண் மீன்களுக்கு மூடி போட்ட சிறு பெட்டிகளைத் திறக்கப் பழக்கினார்கள். ஒரு நிற மூடி என்றால் உள்ளே உணவு இருக்கும், இன்னொரு நிறம் என்றால் இருக்காது. பிறகு இரண்டிலும் சேராத ஒரு பெட்டியை வைத்தார்கள். தான் தேர்ந்தெடுத்த ஆணிடமிருந்து பிரிக்கப்பட்ட பெண் மீன்கள் அந்தப் பெட்டியைத் திறக்க அதிக நேரம் தயங்கின. 'உள்ளே என்ன இருக்கப் போகுது' என்ற அவநம்பிக்கை மனநிலைக்கு அவை போய்விட்டதாக ஆய்வாளர்கள் விளக்கினர்.

ஆக, கையில் கிடைத்த இரண்டைச் சேர்த்துவிட்டு 'குடும்பம் நடத்து' என்றால் நடக்காது. துணையை மீனே தேர்ந்தெடுக்கணும்.

ஆண், பெண் கண்டுபிடிப்பது எப்படி?

ஏஞ்சல் மீனில் வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். முட்டையிடும் நேரத்தில் வயிற்றுக்குக் கீழே சிறு குழாய் ஒன்று வெளியே தெரியும். பெண்ணுக்கு அது தடித்து மழுங்கி இருக்கும். ஆணுக்கு மெலிந்து கூராக இருக்கும். மற்ற நேரத்தில் அனுபவசாலிகளே ஏமாந்துவிடுவார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆண் இல்லாதபோது இரண்டு பெண் மீன்கள் ஜோடி சேர்ந்து முட்டையும் போடும். ஆனால் ஒரு முட்டைகூடப் பொரிக்காது, எல்லாமே வெள்ளையாகிவிடும். தொடர்ந்து இப்படி நடந்தால், தண்ணீரைக் குறை சொல்லும் முன் இரண்டும் பெண்ணா என்று பாருங்கள்.

ஜோடி சேர என்ன செய்யணும்?

• இரண்டு மீன் வாங்காதீர்கள். ஒரே அளவுள்ள சின்ன ஏஞ்சல்கள் 6 அல்லது 8 வாங்கி ஒன்றாக வளருங்கள். ஆறில் ஆணும் பெண்ணும் இருக்க வாய்ப்பு மிக அதிகம்.
• தொட்டி 100 லிட்டருக்குக் குறையாமல், 18 அங்குல உயரம் இருந்தால் நல்லது.
• 8 முதல் 12 மாதத்தில் மீன்கள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். அதுவரை பொறுமை தேவை.
• இரண்டு மீன் மட்டும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்டினால் ஜோடி அமைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே இடத்தை இரண்டும் வாயால் சுத்தம் செய்தால் முட்டை நெருங்கிவிட்டது.
• அந்த இரண்டையும் 60 முதல் 80 லிட்டர் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். கடப்பா கல் துண்டு ஒன்றைச் சாய்த்து நிறுத்துங்கள். செங்குத்தான வழுவழுப்பான பரப்பில்தான் ஏஞ்சல் முட்டை ஒட்டும்.
• உலர் தீவனத்தோடு கொசுப்புழு, ஆர்ட்டீமியா போன்ற உயிர் உணவும் கொடுங்கள்.
• தண்ணீரில் கால் பங்கை மாற்றி, சற்றே குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் மழை வந்துவிட்டதாக மீன் நினைத்து முட்டையிடத் தூண்டப்படும்.

வாயோடு வாய் கவ்வி இழுப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அது பலத்தைச் சோதிக்கும் பழக்கம். ஆனால் ஒரு மீன் துடுப்பு கிழிந்து, மேல் மூலையில் ஒதுங்கி, சாப்பிடாமல் நின்றால் உடனே பிரித்துவிட வேண்டும்.

போடி தண்ணீர், ஏலமலைக் குளிர்: எதைக் கவனிக்கணும்?

அடிவாரத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடின நீராக இருந்தால் ஏஞ்சல் அதில் வாழும், முட்டையும் போடும். ஆனால் முட்டை பொரிப்பது குறையும். சுத்தமான மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் கடினத்தன்மை குறையும். நகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து, ஏர் பம்ப் ஓடவிட்டுப் பயன்படுத்தணும்.

மேலே தோட்டப் பகுதியில் கதை வேறு. ஓடைத் தண்ணீர் பொதுவாக மென்னீர், ஏஞ்சலுக்குப் பிடித்தது. ஆனால் அங்கே இரண்டு ஆபத்துகள்.

முதலாவது குளிர். முட்டை பொரிக்க 27 முதல் 28 டிகிரி வேண்டும். மார்கழி, தை இரவுகளில் மலையில் 20 டிகிரிக்குக் கீழே போய்விடும். லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் ஹீட்டர் போடுவது வழக்கம், மலையில் அதற்குக் கொஞ்சம் மேலேயே தேவைப்படும். கரண்ட் போனால் தொட்டியைச் சுற்றிக் கம்பளியோ தெர்மகோலோ வைப்பதும், பேட்டரி ஏர் பம்ப் தயாராக வைத்திருப்பதும் மீனைக் காப்பாற்றும்.

இரண்டாவது மருந்து. ஏலச்செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்து மழையோடு ஓடைக்கு வரும். பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். தோட்டத்துக்குக் கீழே உள்ள ஓடைத் தண்ணீரை, அதுவும் மருந்தடித்த நாட்களில், தொட்டிக்கு எடுக்கவே கூடாது. மருந்து கலக்கிய வாளி, மருந்தடித்த கை இரண்டையும் தொட்டிப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

முட்டை போட்ட பிறகு?

ஏஞ்சல் ஒரு தடவைக்குச் சில நூறு முட்டைகள் போடும். சுமார் இரண்டரை நாளில் பொரிக்கும். அடுத்த ஐந்து நாள் குஞ்சுகள் கல்லில் ஒட்டியபடி வயிற்று மஞ்சள் கருவிலேயே வாழும். நீந்தத் தொடங்கியதும், அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா குஞ்சுகளைத் தினமும் பல முறை கொடுக்கணும்.

முதல் ஓரிரு முறை ஜோடியே முட்டையைத் தின்றுவிடும். இது சகஜம். மூன்றாவது, நான்காவது முறையும் தின்றால், கல்லோடு முட்டையை வேறு தொட்டிக்கு மாற்றி, பக்கத்தில் காற்றுக் குமிழி ஓடவிட்டு, பூஞ்சை வராமல் மெத்திலீன் ப்ளூ சில துளிகள் விடலாம்.

எல்லா சிக்லிட்டுக்கும் இதே முறையா?

இல்லை. டிஸ்கஸ் குஞ்சுகள் முதல் நாட்களில் பெற்றோரின் உடலில் சுரக்கும் கோழையைத்தான் சாப்பிடும், அதனால் பிரிக்கக் கூடாது. கிரிபென்சிஸ் குகை மாதிரி இடத்தில் முட்டையிடும், சின்ன மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தாலே போதும். மலாவி ஏரி சிக்லிட்கள் ஜோடி சேருவதே இல்லை. ஒரு ஆணுக்குப் பல பெண்கள் வேண்டும், தாய் முட்டையை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். ஃப்ளவர்ஹார்ன் கலப்பின மீன், ஆண்கள் பல மலடாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே தடுப்பு வைத்துப் பழக்காவிட்டால் ஒன்று உயிரோடு மிஞ்சாது.

குஞ்சு அதிகமாகிவிட்டால் ஆற்றில் விடலாமா?

கூடவே கூடாது. இதுதான் முக்கியமான விஷயம்.

மொசாம்பிக் திலேப்பியா 1952-ல் வளர்ப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத குளம், அணை அரிது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் அந்த மீனும் இருக்கிறது. பெருகியதற்குக் காரணம், தொட்டியில் நாம் ரசிக்கும் அதே குணம்தான்: குஞ்சைக் காவல் காப்பது.

ஏலமலையின் தெற்கே பெரியாறு ஏரியையும் அதில் சேரும் ஓடைகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத லெபிடோபைகாப்சிஸ் டைப்பஸ் என்ற மீன் வாழ்கிறது. திலேப்பியா, கெளுத்தி போன்ற வெளிநாட்டு மீன்கள் அந்த நீர்ப்பரப்பின் சொந்த மீன்களுக்கு அச்சுறுத்தலாகிவிட்டன. போடி பக்கம் கொட்டக்குடி ஆறு வைகையில் கலக்கிறது. ஒரு வாளி மீனை அதில் கொட்டினால் அது போடியோடு நிற்காது.

மிஞ்சிய குஞ்சுகளைக் கடைக்காரருக்கோ வேறு வளர்ப்பாளருக்கோ கொடுங்கள். வாங்க ஆள் இல்லை என்றால் அடுத்த முறை முட்டையை எடுத்துவிடுங்கள்.

தொழிலாகச் செய்ய முடியுமா?

முடியும். சென்னை கொளத்தூர் வண்ணமீன் வணிகத்துக்கே பெயர் பெற்ற பகுதி. 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் வண்ணமீன் வளர்க்கும் அலகுக்கும் இடம் உண்டு. பொதுப்பிரிவினருக்கு 40%, பெண்கள், பட்டியலின, பழங்குடியினருக்கு 60% என்பது திட்டத்தின் மானிய விகிதம். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு முதலீடு செய்யுங்கள்.

அதற்கு முன் ஒரே ஒரு ஜோடியை உருவாக்கி, ஒரு ஈட்டுக் குஞ்சையாவது வளர்த்துப் பாருங்கள். மீன் தன் துணையைத் தேர்ந்தெடுக்கும் வரை காத்திருக்கப் பழகியவருக்குத்தான் இந்தத் தொழில் கைகொடுக்கும்.