இறங்கிய எடை ஏன் திரும்பி வருகிறது?



"பத்துக் கிலோ குறைத்தவர், ஒரு வருடத்தில் பழையபடி வந்துவிட்டார். வாயைக் கட்டத் தெரியாத மனிசன்" என்று நம்மவர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். கலியாண வீட்டுப் பந்தியில் முகத்துக்கு நேரேயே சொல்லிச் சிரிப்பவர்களும் உண்டு. அந்தப் பழிச்சொல் நியாயமானதா? கடந்த எண்பது வருட விஞ்ஞான வரலாறு இதற்குப் பதில் வைத்திருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதிக் காலம். ஐரோப்பாவில் பட்டினியால் மெலிந்த மக்களை எப்படி மீளத் தேற்றுவது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் ஒரு பரிசோதனையை நடத்தினார். மனச்சாட்சியின்படி ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் அதற்குத் தாமாக முன்வந்தார்கள். 1945 பெப்ரவரியில் தொடங்கி 24 வாரங்கள் அவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடுதான். உடல் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது. இதயத்துடிப்பு மந்தமானது, குளிர் தாங்க முடியவில்லை, நாள் முழுவதும் சாப்பாட்டு நினைவு. பிறகு உணவு தாராளமாகக் கிடைத்தபோதும் பசி இலகுவில் அடங்கவில்லை. இழந்ததற்கும் மேலாகக் கொழுப்புச் சேர்ந்தது. இவர்கள் மனவுறுதி குறைந்தவர்கள் அல்லர். உடல்தான் தன் இழப்பை ஈடுசெய்ய முனைந்தது.

அப்படியானால் உடலில் கொழுப்பு குறைந்த செய்தியை மூளைக்குச் சொல்வது எது? விடைக்கான வழியைக் காட்டியது ஓர் எலி. 1949இல் அமெரிக்காவின் ஜக்சன் ஆய்வுகூடத்தில், ஓயாமல் தின்று பருத்த எலிகள் சில தென்பட்டன. அங்கு பணியாற்றிய டக்ளஸ் கோல்மன், பின்னாளில் இவ்வாறான எலிகளின் இரத்த ஓட்டத்தை வேறு எலிகளோடு இணைத்துப் பார்த்தார். பசியை அடக்கும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தில் ஓடுகிறது, இந்த எலிகளிடம் அது இல்லை என்று முடிவுசெய்தார். 1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு அதற்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தது. அந்த ஓமோனுக்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். அதைச் சுரப்பது நாம் வெறும் சுமை என்று நினைத்த கொழுப்புத்தான்!

லெப்டினை ஊசியாக ஏற்றினால் எல்லோரும் மெலியலாம் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை. பருத்தவர்களில் பெரும்பாலானோரிடம் அது ஏற்கெனவே நிறைய இருந்தது. ஆனால் எடை குறையும்போது லெப்டினும் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது, சக்திச் செலவைச் சுருக்குகிறது.

1999இல் யப்பானிய விஞ்ஞானிகள், இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலினைக் கண்டறிந்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டால் மெலிந்தவர்களிடம் அது உயர்வதை 2002இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 2011இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேணிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. 50 பேர் பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டை மேற்கொண்டனர். சராசரியாக 13.5 கிலோ குறைந்தது. ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோதும் பசி ஓமோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. மனிதர் மறந்தாலும் உடல் தன் பழைய எடையை மறக்கவில்லை.

இப்போது பலரும் பேசும் செமாகுளுட்டைட் ஊசியும் ஓமோன் ஆராய்ச்சியின் வழியில் வந்ததுதான். அதை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்துக்குள் திரும்பியதாக 2022இல் வெளியான ஆய்வு கூறியது.

அப்படியென்றால் முயற்சி வீணா? இல்லை. 5 முதல் 10 சதவீதம் எடை குறைந்தாலே நீரிழிவும் இரத்த அழுத்தமும் கட்டுப்பட உதவும். நம் இனத்தவருக்கு அதிகம் பருக்காமலே நீரிழிவு வந்துவிடுவதால் இது நமக்கு முக்கியம். ஆனால் எடையைக் குறைப்பது ஒரு வேலை, குறைத்ததைக் காப்பது வேறு வேலை. முதலாவது சில மாதங்களில் முடியும். இரண்டாவது பிரஷர் குளிசை போல வருடக்கணக்கில் தொடர வேண்டியது. தினமும் நடை, வைத்தியரின் தொடர் கண்காணிப்பு, வீட்டாரின் ஆதரவு மூன்றும் தேவை.

ஆகவே எடை திரும்பிய ஒருவரைக் கண்டால், அவர் தன் உடலோடு ஒரு நீண்ட போராட்டம் நடத்துகிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு கரண்டி சோறு போடட்டுமா என்று வற்புறுத்தாமல் விடுவதே நாம் செய்யக்கூடிய முதல் உதவி.