இணையாக்கி: ஒரு சொல்லின் வரலாறு

1885இல் வில்லியம் கேமரன் அளந்த மேட்டுநிலத்தில், 1929இல் போ தேயிலைத் தோட்டம் தமிழர் உழைப்பால் எழுந்தது. நில அளவைக் கருவியின் நோக்குக்கோட்டை ஆங்கிலேயர் ‘கோலிமேஷன் கோடு’ என்பர். அச்சொல்லின் பிறப்பே ஒரு பிழை. நேர்கோட்டில் அமைத்தலைக் குறிக்கும் ‘கோலினியாரே’ என்னும் இலத்தீன் வினை, சிசரோ நூற்பதிப்புகள் சிலவற்றில் ‘கோலிமாரே’ எனத் திரிந்தது. கெப்ளர் முதலிய வானியலாரும் அதனையே ஆண்டனர். இன்று ஒளியிழை முனையிலும் அப்பிழை அமர்ந்துள்ளது. இழையினின்று விரிந்து வெளிப்படும் லேசர் ஒளியை ஒரு வில்லை இணைகதிர்களாக்குகிறது; எதிர்வில்லை அதனை மறு இழையின் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் உள்ளகத்துள் குவிக்கிறது. தமிழ்ப் பாடநூல்களின் ‘இணையாக்கி’யோ, தோட்டப்பள்ளி மாணவனுக்கும் தன் தொழிலைத் தானே உரைக்கும். அதனை விடுத்துக் ‘கோலிமேட்டர்’ என்றெழுதுவதை நாம் ஏற்கோம். ஒரு குறையுண்டு: எதிர்முனையில் குவிக்கும் கருவிக்கும் அதே பெயரே வழங்குகிறது.