சுமக்கப்படும் தெய்வமும் சுமக்கும் தெய்வமும்: ஏசாயா 46-ஆம் அதிகாரச் சொல்லாராய்ச்சி

ஒரு நூலின் கருத்தை அறிதற்கு அந்நூல் வழங்கும் சொற்களே முதற்சான்றாம். மொழிபெயர்ப்பு வாயிலாகக் கற்பார்க்கு நூற்பொருள் புலனாகலாம். ஆயின், ஒரே சொல்லை இருவேறிடங்களில் ஆண்டு, அவ்வாட்சியாலேயே ஒரு வாதத்தை நிறுவும் ஆசிரியனின் திறம் பெரும்பாலும் மறைந்துபோகும். எபிரேய விவிலியத்துள் ஏசாயா ஆகமத்தின் 46-ஆம் அதிகாரம் இதற்குத் தக்க சான்றாகும். கடவுள் தம் மக்களைப் பேணுவார் என்னும் ஆறுதல் மொழியாகவே அதன் முற்பகுதி பலராலும் படிக்கப்பெறுகின்றது. அவ்வாறுதல் எச்சொற்களால் ஆக்கப்பட்டது, அச்சொற்கள் எச்சூழலில் எழுந்தன என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

1. காலமும் களமும்

ஏசாயா ஆகமத்தின் 40 முதல் 55 வரையுள்ள அதிகாரங்கள் பாபிலோனியச் சிறையிருப்பின் இறுதிக் காலத்தில் தோன்றியவை என்பது இன்று ஆராய்ச்சியாளருள் பெரும்பாலோர் கொள்ளும் முடிபு. செருமானிய அறிஞர் பெர்ன்கார்ட் தூம் 1892-இல் வெளியிட்ட உரைநூல் இம்முடிபு வேரூன்றப் பெரிதும் துணைபுரிந்தது. யூதேய மக்கள் கி.மு. 597-இலும், எருசலேம் அழிந்த 587 அல்லது 586-இலும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டனர். கி.மு. 539-இல் பாரசீக வேந்தன் கோரேசு பாபிலோனைக் கைக்கொண்டான். அவன் பெயர் இவ்வாகமத்தில் 44:28, 45:1 ஆகிய இடங்களில் வெளிப்படையாகவே கூறப்பட்டுள்ளது. முதற் சிறையெடுப்பில் கைக்குழந்தையாய்ச் சென்றவர் கோரேசின் வருகையின்போது அறுபதாண்டை அணுகிய முதியராய் இருந்திருப்பர். இக்கணக்கை நினைவில் இருத்துதல் நலம். பின்னர் இது பயன்படும்.

அதிகாரத்தின் தொடக்கத்தில் பேல், நேபோ என்னும் இரு தெய்வங்கள் பேசப்படுகின்றன. பேல் என்பது 'தலைவன்' எனப் பொருள்படும். பாபிலோனின் பெருந்தெய்வமான மார்துக்கின் சிறப்புப் பெயர் அது. நேபோ என்பது மார்துக்கின் மகனும் எழுத்துக்கலையின் தெய்வமுமான நபூ. அவனுக்குரிய நகர் போர்சிப்பா. நபோபொலசார், நேபுகாத்நேசார், நபோனிடசு ஆகிய வேந்தர் பெயர்களின் முதலில் நிற்பதும் இத்தெய்வத்தின் பெயரே. அகீத்து என்னும் புத்தாண்டு விழாவில் நபூவின் திருவுருவம் போர்சிப்பாவினின்று பாபிலோனுக்கு எழுந்தருளும். வென்ற அரசர் தோற்றாரின் தெய்வ உருவங்களைக் கவர்ந்து செல்வதும் அந்நாட்டு வழக்கே. அசீரிய மன்னன் மூன்றாம் திக்லாத் பிலேசரின் (கி.மு. 745–727) நிம்ரூது புடைப்புச் சிற்பங்களில் படைவீரர் தெய்வ உருவங்களைத் தோளிற் சுமந்து செல்வதைக் காணலாம். எனவே, தெய்வங்கள் சுமக்கப்படுதல் விழாவிலும் தோல்வியிலும் மக்கள் கண்கூடாகக் கண்ட காட்சியேயாம்.

2. இருமுறை ஆளப்பட்ட வினைகள்

முதலிரு வசனங்கள் அத்தெய்வங்களின் வீழ்ச்சியைக் கூறுகின்றன. பேலுக்கு ஆளப்பட்ட 'காரா' என்னும் வினை முழந்தாளிடுதலைக் குறிப்பது. முன் அதிகாரத்தில் (45:23) எல்லா முழங்கால்களும் கடவுள்முன் மடங்கும் என்றவிடத்தும் இவ்வினையே வந்துள்ளது. வணங்கப்படும் தெய்வம் வணங்குவாரின் நிலைக்குத் தாழ்ந்தது என்பது இதனாற் பெறப்படும். நேபோவுக்குரிய 'காரஸ்' என்னும் வினையோ எபிரேய விவிலியம் முழுமையிலும் இவ்விரு வசனங்களிலன்றிப் பிறாண்டு வாராத அருஞ்சொல்.

இனி, வாதத்தின் உயிர்நிலையான வினைகளை நோக்குவோம். 'ஆமஸ்' என்பது சுமையேற்றுதல். முதல் வசனத்தில் விலங்குகள்மீது ஏற்றப்பட்ட உருவங்களுக்கு இஃது ஆளப்பட்டது. மூன்றாம் வசனத்தில் தாய்வயிறு முதல் கடவுள்மீது ஏற்றப்பட்ட இசுரவேலருக்கு ஆளப்பட்டது. 'நாஸா' என்பது தூக்கிச் செல்லுதல். இதுவும் அவ்வாறே இருபாலும் வருகின்றது. சுமையைக் குறிக்கும் 'மஸ்ஸா' என்னும் பெயர் இவ்வடியிற் பிறந்ததே. 'ஸாபல்' என்பது பாரந்தாங்குதல். நான்காம் வசனத்தில் கடவுள் தாங்குவதையும், ஏழாம் வசனத்தில் உருவத்தை மாந்தர் தோளிற் தாங்குவதையும் அது சுட்டுகின்றது. 'மாலட்' என்பது தப்புவித்தல். இரண்டாம் வசனத்தில் அத்தெய்வங்களால் தம் சுமையைத் தப்புவிக்க இயலவில்லை. நான்காம் வசனத்தில் கடவுள் தப்புவிப்பதாக உறுதி கூறுகின்றார். செய்தலைக் குறிக்கும் 'ஆஸா' என்னும் எளிய வினையும் இம்முறைக்கு விலக்கன்று: ஆறாம் வசனத்தில் பொற்கொல்லன் தெய்வத்தைச் செய்கின்றான், நான்காம் வசனத்தில் கடவுள் மக்களைச் செய்தவர் ஆகின்றார்.

ஐந்து வினைகள், ஐந்தும் இருமுகமாய் நிற்கின்றன. இதனைத் தற்செயல் எனக் கொள்ளுதல் அரிது. தெய்வங்களுள் வலிமை மிக்கது எது என்பது ஈண்டு வினா அன்று. சுமப்பார் யார், சுமக்கப்படுவார் யார் என்பதே வினா.

3. 'ஸாபல்' என்னும் சொல்லின் வரலாறு

இவற்றுள் 'ஸாபல்' தனியே நோக்கற்பாலது. அக்காதிய மொழியின் 'சபாலு' (சுமத்தல்) என்னும் வினை இதனோடு இனமுடையது. யாத்திராகமத்தின் முதலாறு அதிகாரங்களில் இசுரவேலர் எகிப்தில் பட்ட கட்டாய உழைப்பைக் குறிக்கும் பெயர்ச்சொல் இவ்வடியிற் பிறந்ததே. அடிமைகளின் முதுகில் ஏற்றப்பட்ட பாரத்தின் பெயர் அது. அச்சொல்லையே கடவுள் தம் செயலுக்குச் சூட்டிக்கொள்வதாக இந்நூல் அமைத்துள்ளது. மீண்டும் ஓர் அயல்நாட்டில் பாரஞ்சுமந்த மக்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கியிருக்கும்.

கருப்பையைக் குறிக்கும் 'ரெகெம்' என்னும் சொல்லோடு இரக்கத்தைக் குறிக்கும் 'ரகமிம்' என்பது ஓரடியின. கருப்பையிற் தொடங்கும் சுமத்தல் முதுமைவரையும் நரைவரையும் நீள்கின்றது. தாய் குழவியைச் சுமப்பதும், மூத்தபின் அத்தாயை மகன் தாங்குவதும் உலகியல். ஈண்டு அம்முறை மாறுவதில்லை; முதியோரும் சுமக்கப்படுவோராகவே உளர். நான்காம் வசனத்தில் 'நான்' என்னும் தன்மைப் பெயர் ஐந்துமுறை அடுக்கி வருவதும் இவ்வுறுதியை வலியுறுத்தற்கேயாம். நரை என்றது வெறும் அணியன்று. முன்னர்க் கண்ட கணக்கின்படி, கேட்டோருள் உண்மையாகவே நரைத்தோர் இருந்தனர்.

4. வரலாற்றோடு ஒப்பிடுதல்

ஈண்டு ஒரு தடை எழும். கி.மு. 539-இல் பேலும் நேபோவும் சிறை சென்றனவா? இல்லை என்பதே விடை. நபோனிடசின் ஆண்டுக்குறிப்பின்படி, அவ்வாண்டு கீசு முதலிய நகர்களின் தெய்வங்கள் பாபிலோனுக்குக் கொண்டுவரப்பட்டன; போர்சிப்பாவின் தெய்வங்களோ வரவில்லை. 1879-இல் கண்டெடுக்கப்பட்ட கோரேசின் களிமண் உருளை, மார்துக்கே கோரேசைக் கைப்பற்றி அழைத்தான் என்றும், இடம்பெயர்க்கப்பட்ட தெய்வங்கள் தத்தம் இடங்களுக்கு மீட்டனுப்பப்பட்டன என்றும் கூறும். மார்துக்கின் வழிபாடு கோரேசின் ஆட்சியில் ஓங்கியதேயன்றி வீழ்ந்திலது.

ஆகவே, இப்பகுதியை நிகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்வார் இடர்ப்படுவர். உருவத்தைத் தெய்வத்தோடு முற்றும் ஒன்றாக்கிப் பேசுவதும் எதிர்வாதியின் கூற்றேயாம். பாபிலோனியர் தம் சமயத்தை அங்ஙனம் கண்டிலர். ஆயினும், சொற்கள் தாங்கும் வாதம் இத்தடையால் தளர்வதில்லை. போரஞ்சி நகருக்குள் கொண்டுவரப்பட்டபோதும், வென்றவனால் மீட்டனுப்பப்பட்டபோதும் அவ்வுருவங்கள் சுமக்கப்பட்டனவே.

5. பெயர்ப்பும் பொருளும்

எபிரேய ஆகமங்களின் பழைய கிரேக்கப் பெயர்ப்பாகிய செப்துவசிந்து, நான்காம் வசனத்தில் 'ஸாபல்' என்பதற்குப் 'பொறுத்துக்கொள்ளுதல்' என்னும் பொருளுடைய வினையை முதற்கண் இட்டது. பாரந்தாங்கல் ஆங்குப் பொறுமையாயிற்று. உருவங்களோடு அமைந்த எதிர்நிலை மெலிந்தது. தமிழிற் 'பொறை' என்னும் சொல் சுமையையும் பொறுமையையும் ஒருங்கே உணர்த்துவது ஈண்டு நினைக்கத்தக்கது. பழைய தமிழ்ப் பெயர்ப்பு ஏந்துதல், தாங்குதல், சுமத்தல் என்னும் வினைகளை ஆண்டு உடல்வருத்தப் பொருளைக் காத்துள்ளது. ஆயின், எவ்வெபிரேய வினைக்கு எத்தமிழ் வினை என வரையறுத்து, இருபாலும் ஒன்றனையே ஆண்டாலன்றி மூலத்தின் வாதம் முழுதும் வெளிப்படாது.

பேணுதல் என்னும் பொதுச்சொல்லால் இப்பகுதியைச் சுருக்குவார் அதன் பாதியையே பெறுவர். பேணுவார்க்கு வருத்தம் உண்டோ இன்றோ, சுமப்பார்க்கு உண்டு. ஆசிரியர் தெரிந்தெடுத்தது சுமத்தலையே.